பாக்லோஃபென் மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கிறார். ஆனால் இடது முழங்கை மடங்கி, விரல்கள் மூடி, நகம் உள்ளங்கையில் பதிகிறது. கால் விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இறுக்கத்தைக் குறைக்க டாக்டர் பாக்லோஃபென் மாத்திரை 5 மி.கி. மூன்று வேளை கொடுத்து, பிறகு 10 மி.கி. மூன்று வேளையாக்கினார். கை கொஞ்சம் இளகியது. ஆனால் பகலெல்லாம் தூங்குகிறார். எழுந்து நின்றால் இடது முட்டி மடங்குகிறது. ஒரு முறை விழுந்தும்விட்டார். "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், பழகிவிட்டால் விட முடியாது" என்று உறவினர் ஒருவர் சொன்னதால் ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் இரவு உடம்பு முன்னைவிட முறுக்கிக்கொண்டது. தூக்கமே இல்லை. அறையில் யாரோ நிற்பதாகப் பேசினார். பயந்துபோய் மறுபடி கொடுத்தேன், சரியாகிவிட்டது. இப்போது பத்து நாளாகக் கால் இறுக்கம் திரும்பவும் கூடியிருக்கிறது, மலச்சிக்கல் வேறு. டோஸைக் கூட்ட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? கையில் ஊசி போடலாம் என்கிறார்களே, அது என்ன? இன்னொன்று: அவரைத் தூக்கி உட்கார வைத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருடைய மாத்திரை ஒன்றைப் போட்டேன், நன்றாகத் தூக்கம் வந்தது. நானும் தொடரலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனி எந்தக் காரணத்துக்காகவும் பாக்லோஃபெனை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அன்று இரவு நீங்கள் பார்த்தது நோய் முற்றியதால் வந்ததாகத் தோன்றவில்லை. மருந்து திடீரென்று நின்றுபோனதால் வந்ததன் எல்லா அடையாளங்களும் அதில் இருக்கின்றன. வாரக்கணக்கில் இந்த மருந்துக்குப் பழகிய நரம்பு மண்டலம், அது சட்டென்று இல்லாமல் போகும்போது எதிர்ப்பக்கமாகத் துள்ளுகிறது. இறுக்கம் முன்னைவிடக் கூடும், தூக்கம் போகும், இல்லாத ஆள் இருப்பதாகத் தெரியும். சிலருக்கு வலிப்பு வரும். இன்னும் மோசமானால் கடுமையான காய்ச்சலும், தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும் நிலையும் வரலாம். உங்கள் கணவர் அந்த எல்லைக்குப் போகவில்லை. நீங்கள் பயந்து மருந்தைத் திரும்பக் கொடுத்தது நல்லதாயிற்று. ஆனாலும் அந்த இரவே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய நிலைதான் அது. மருந்து விட்டுப்போய், காய்ச்சல், குழப்பம், வலிப்பு, உடம்பு முறுக்கல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். நடந்ததை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபிப்பார் என்று பயந்து பலர் இதைச் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாவிட்டால், பிறகு மருந்தை மாற்றும்போது எவ்வளவு மெதுவாக மாற்ற வேண்டும் என்று கணிக்க முடியாது.

இதற்கு மேல் உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த முட்டி. கை இளகியிருக்கிறது, ஆனால் நின்றால் கால் மடங்குகிறது. இரண்டும் ஒரே மாத்திரை செய்த வேலை. எப்படி என்று விளக்கினால்தான் கூட்டுவதா குறைப்பதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஒரு தசையை இழுத்தால் அது பதிலுக்குச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சுத்தியலால் தட்டும்போது கால் உதறுகிறதே, அதுதான். இந்தச் சுற்று முதுகுத் தண்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அது அளவுக்கு மீறாதபடி மூளை மேலிருந்து எப்போதும் அடக்கிவைத்திருக்கிறது. பக்கவாதத்தில் அந்த அடக்கும் பாதை அறுந்துவிடுவதால், சின்ன இழுப்புக்கும் தசை பெரிதாகச் சுருங்குகிறது. இதைத்தான் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறோம். வேகமாக இழுத்தால் அதிகம் எதிர்க்கும், மெதுவாக இழுத்தால் குறைவாக எதிர்க்கும் என்பது இதன் முக்கியமான குணம். கோளாறு தசையில் இல்லை, கட்டளை போகும் வழியில் இருக்கிறது.

பாக்லோஃபென் முதுகுத் தண்டில் வேலை செய்து அந்தச் சுற்றைத் தணிக்கிறது. 1962-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து இது. வலிப்புக்கு உதவவில்லை; தசை இறுக்கத்துக்கு உதவுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்லப்போனால் வலிப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் தருகிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் கணவருக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாயால் விழுங்கும் மாத்திரைக்கு இடது கை மட்டும் எது என்று தெரியாது. ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. கையைத் தளர்த்தும் அதே அளவு காலையும் தளர்த்தும், வலது பக்கத்து நல்ல தசைகளையும் கொஞ்சம் தளர்த்தும், மூளையையும் மந்தமாக்கும். பகல் தூக்கம் அதனால்தான். முதுகுத் தண்டு காயம்பட்டவர்களிடமும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவர்களிடமும்தான் இந்த மருந்தின் பலன் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. பக்கவாதத்தில் மூளையே அடிபட்டிருப்பதால், இறுக்கம் போதிய அளவு குறைவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முட்டிக்கு வருகிறேன். உங்கள் கணவரின் இடது காலில் உண்மையான பலம் இன்னும் குறைவாகவே இருக்கும். அவர் இத்தனை நாள் நின்றது, நடந்தது எல்லாம் பாதிக்கு மேல் அந்த விறைப்பின் தயவால். வளையாமல் நீட்டிக்கொண்டிருந்த கால் அவருக்கு ஓர் ஊன்றுகோலாக இருந்தது. மாத்திரை அதைத் தளர்த்தியதும், அடியில் இருந்த பலவீனம் வெளியே வந்து முட்டி மடங்குகிறது. இறுக்கம் என்றாலே கெட்டது, அதை முழுக்கப் போக்கிவிட வேண்டும் என்று நினைத்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் நடக்கிற ஆள் நாற்காலிக்குப் போய்விடுவார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே "இறுக்கம் எவ்வளவு குறைந்தது?" என்று அளக்காதீர்கள். எந்த வேலைக்காக இந்த மருந்து என்று முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிவது இரண்டு வேலைகள். நகம் பதியாமல், அழுக்கு சேராமல், உள்ளங்கையைத் திறந்து கழுவ முடிய வேண்டும். விழாமல் நின்று, கழிப்பறைக்குப் போய்வர முடிய வேண்டும். இரவில் கால் வெட்டியிழுத்து அவர் விழித்துக்கொள்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் அது மூன்றாவது. கை திறப்பதற்கு மாத்திரை கொஞ்சம் உதவியிருக்கிறது, நிற்பதைக் கெடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், இது கூட்ட வேண்டிய கட்டம் இல்லை. பாக்லோஃபென் உடம்பில் சில மணி நேரமே தங்கும். அதனால்தான் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். நடமாடும் பகல் வேளைகளில் குறைத்து, இரவு வேளையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். எந்த வேளையில் எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்த்துப் பரிசோதித்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

அப்படியானால் பத்து நாளாக ஏன் இறுக்கம் கூடியிருக்கிறது? நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "மலச்சிக்கல் வேறு" என்பதில்தான் என் சந்தேகம். மூளையின் அடக்கம் இல்லாத உடம்பில், எங்கே ஓர் உறுத்தல் இருந்தாலும் அது இறுக்கமாக வெளிப்படும். வயிறு கட்டியிருப்பது, சிறுநீர்த் தொற்று, சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்குவது, புட்டத்திலோ குதிகாலிலோ படுக்கைப் புண், சதைக்குள் வளரும் கால் நகம், இறுக்கமான செருப்பு, இடுப்புப் பட்டை அழுத்துவது என எதுவானாலும் சரி. அவருக்கே அந்த இடத்தில் வலி தெரியாமல்கூட இருக்கலாம், கால்தான் காட்டிக்கொடுக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்லோஃபெனே மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியது, சிலருக்குச் சிறுநீர் போவதையும் தடுக்கும். மலச்சிக்கலால் இறுக்கம் கூடி, அதற்காக மாத்திரையைக் கூட்டி, அதனால் மலச்சிக்கல் இன்னும் கூடி என்று போய்க்கொண்டே இருக்கும். முதலில் வயிற்றைச் சரிசெய்யுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்யச் சொல்லிக் கேளுங்கள். குளிக்க வைக்கும்போது தலை முதல் கால் வரை, குறிப்பாக உட்காரும் இடத்தையும் குதிகாலையும் விரல் இடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். டோஸைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

உறவினர் சொன்னதில் கிட்னி விஷயம் தலைகீழாக இருக்கிறது. பாக்லோஃபென் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அதன் பெரும்பகுதி மாறாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கு மருந்து உடம்பில் தேங்கி, சாதாரண அளவே அதிகமாகிவிடும். குழப்பம், ஆழ்ந்த மயக்கம், மூச்சு மந்தமாவது வரை போகும். உங்கள் கணவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இவை இருக்கும். இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிப்பவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அண்மையில் செய்யவில்லை என்றால் இப்போது செய்துவிடுங்கள். பகலெல்லாம் தூக்கம் என்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வாந்தி பேதியில் உடம்பு வறண்டு திடீரென்று மயக்கம் கூடினாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

"பழகிவிட்டால் விட முடியாது" என்பதில் பாதி உண்மை. உடம்பு பழகிக்கொள்கிறது; அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் போதைக்காக மனம் ஏங்குவதும் இதுவும் ஒன்றல்ல. விடலாம், படிப்படியாக விட வேண்டும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் அல்லது அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவோம். ஒருமுறை நிறுத்தி அவதிப்பட்டவருக்கு இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்ற விதியும் இல்லை. கைக்கு வேறு வழி கிடைத்து, கால் தேறினால், மாத்திரை தேவையே இல்லாமல் போகலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவருக்கு இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். பாட்டுலினம் டாக்சின் என்பது அதன் பெயர். போட்டாக்ஸ் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். விரல்களை மூடும் தசை, முழங்கையை மடக்கும் தசை எது என்று பார்த்து அதற்குள்ளேயே போடுவதால், காலைத் தொடாமல் கையை மட்டும் தளர்த்தலாம். மயக்கம் வராது. மாத்திரையால் முடியாத வேலை இது. போட்ட சில நாள்களில் தளர்வு தொடங்கி, நான்கைந்து வாரங்களில் உச்சத்துக்கு வந்து, மூன்று மாதம் போலக் கழிந்ததும் விட்டுப்போகும். 12 வாரத்துக்கு முன்னால் மறுபடி போடுவதில்லை. அரிதாக மருந்து பரவி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அது அவசர நிலை. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஊசி போட்டதால் அந்தக் கைக்குப் பலம் வராது. இளகியிருக்கும் அந்த மூன்று மாதத்தில் நீட்டிவிடுவதும், கையை விரித்த நிலையில் பிடித்துவைக்கும் ஸ்ப்லிண்ட் கட்டுவதும் நடந்தால்தான் போட்ட ஊசிக்குப் பலன். செலவையும் தொடர்ந்து போட வேண்டியிருப்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாக்லோஃபெனை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்த பம்ப் மூலம் தண்டுவட நீருக்குள்ளேயே செலுத்தும் முறையும் உண்டு. அங்கே மில்லிகிராம் வேண்டாம், மைக்ரோகிராம் போதும். அது பெரும்பாலும் இரண்டு கால்களும் கடுமையாக முறுக்கிக்கொண்டவர்களுக்கு. உங்கள் கணவருக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்ற நினைத்தால் டிசானிடின் என்ற பெயர் வரலாம். அதிலும் தூக்கம் உண்டு. வாய் வறளும், ரத்த அழுத்தம் இறங்கும், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. முக்கியமாக, சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசினோடு டிசானிடினைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. டிசானிடினின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி, அழுத்தம் விழுந்து ஆள் சரிந்துவிடுவார். வேறு டாக்டரிடம் போகும்போதும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எந்த மருந்தானாலும் அதற்கு எட்டாத ஓர் இடம் உண்டு. பல மாதம் மடங்கியே கிடந்த தசையும் மூட்டும் குட்டையாகிவிடும். மிக மெதுவாக, பொறுமையாக நீட்டியும் ஓர் இடத்துக்கு மேல் திறக்கவில்லை என்றால் அது நரம்பின் இறுக்கமாக இல்லாமல், குட்டையாகிப்போன திசுவாக இருக்கலாம். அதை மாத்திரை தொடாது. அந்த நிலை வராமல் காப்பது தினசரி நீட்டிவிடுவதுதான். விரல்களை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் இன்னும் மூடிக்கொள்ளும். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்குங்கள். விரல்களை மூடும் தசைநாண்கள் தளர்ந்து பிடி தானாக இளகும். கட்டை விரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டு வாருங்கள், பிறகு மற்ற விரல்களைத் திறக்கலாம். கழுவி, நன்றாகத் துடைத்து, நகத்தை வெட்டி, உள்ளங்கையில் மெல்லிய துணிச் சுருள் ஒன்று வையுங்கள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்ய வேண்டும். அவசரமாகச் செய்யும் நாளில் கை உங்களோடு சண்டை போடும்.

இனி உங்கள் இடுப்பு. அவருடைய மாத்திரையை நீங்கள் தொடர வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது வேறு. உங்கள் மூளையும் முதுகுத் தண்டும் நன்றாகவே இருக்கின்றன. பாரம் தூக்கிக் காயம்பட்ட இடத்தைக் காக்கத் தசை தானாக இறுகிப் பிடித்திருக்கிறது. பாக்லோஃபென் அதற்கான மருந்தல்ல. அன்று உங்களுக்குக் கிடைத்தது தூக்கம், தசைக்குக் கிடைத்த சிகிச்சை அல்ல. இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க எழுந்திருக்க வேண்டிய நீங்கள் மருந்து மயக்கத்தில் இருந்தால் இருவருக்கும் ஆபத்து.

இடுப்புப் பிடிப்புக்கென்று தரப்படும் தளர்த்தி மாத்திரைகள் வேறு: சைக்ளோபென்சாப்ரின், மெத்தோகார்பமால், குளோர்சாக்சசோன், தையோகால்ச்சிகோசைடு போன்றவை. அவற்றில் பலவும் தூக்கம் வரவைப்பவை. சில நாள்களுக்குத்தான், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். தையோகால்ச்சிகோசைடு வலி மாத்திரைகளோடு கலந்தும் வருவதால் உள்ளே இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மரபணுப் பொருளுக்குப் பாதிப்பு வரலாம் என்ற கவலையால், வாயால் சாப்பிடுவதை 7 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளும், கருத்தடை இல்லாமல் இருக்கும் பெண்களும் அதைத் தொடக் கூடாது. உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமலேயே போகலாம். சூட்டு ஒத்தடம் கொடுங்கள், படுத்தே கிடக்காமல் வலி பொறுக்கிற அளவு நடமாடுங்கள். பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு சில வாரங்களில் தானாக விடும். கால் பலமிழந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், காய்ச்சல் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆனால் தூக்கும் விதம் மாறாவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். அவரைத் தூக்காதீர்கள், எழுந்திருக்க உதவுங்கள். இருக்கையின் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படிய வைத்து, முன்னால் சாயச் சொல்லுங்கள். உங்கள் முட்டியால் அவருடைய இடது முட்டியை முன்னாலிருந்து முட்டுக்கொடுங்கள். அவர் இடுப்பில் கட்டிய அகலமான பட்டையைப் பிடித்து, உங்கள் முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கிச் செய்யுங்கள். இடது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ ஒருபோதும் இழுக்க வேண்டாம். பக்கவாதப் பக்கத்துத் தோள் மூட்டு எளிதில் நழுவும். பிறகு அந்த வலியே கையின் இறுக்கத்தைக் கூட்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பிசியோதெரபிஸ்டை ஒருநாள் வரவழைத்து, அவர் முன்னால் நீங்களே செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு தாளில் நான்கு விஷயங்களை மட்டும் தினமும் எழுதுங்கள்: மாத்திரை கொடுத்த நேரம், அவர் தூங்கிய நேரம், முட்டி மடங்கிய நேரம், மலம் போன நாள். எந்த வேளை மாத்திரை அவரைச் சாய்க்கிறது என்று அதைப் பார்த்தாலே டாக்டருக்குத் தெரிந்துவிடும். கையில் எப்போதும் இரண்டு வாரத்துக்கு மாத்திரை இருப்பில் இருக்கட்டும். தீர்ந்துபோய் நிற்கிற நிலை வரவே கூடாது. போகிற அன்று உங்கள் இடுப்பு வலிக்கும் தனியாக ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.